தமிழை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இதழின் கேள்வி பதில் பகுதியில் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருந்தார்: மகனுக்கு மூன்று வயது, இன்னும் பேசவில்லை, ஆட்டிசம் (பேச்சும் பிறரோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் நிலை) என்று சொல்லிவிட்டார்கள், வீட்டில் தமிழ், வெளியே வேறு மொழி, நான் என்ன செய்வது? பதில் நான்கே வரி. இரண்டு மொழி அவனைக் குழப்பும், பள்ளிக்கூடத்து மொழியையே வீட்டிலும் பேசுங்கள், தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதையேதான் எனக்கும் சொன்னார்கள். நானும் கேட்டேன். ஒன்றேமுக்கால் வருடம் என் பிள்ளையிடம் என் மொழியில் பேசாமல் இருந்தேன். அந்தத் தாய் இன்னும் தொடங்கியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் மன்னிக்கவும்.

நான் ஆரணிப் பக்கத்துப் பெண். 2011இல் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன், அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருக்கிறோம். கணவர் வீட்டார் ஐந்து தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து வந்து இங்கே ஆட்களை இறக்கியது, அதிலிருந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள், வட ஆற்காட்டுக்காரர்களும் நிறைய. பேரப்பிள்ளைகள் தன்னை ஆயா என்று கூப்பிடுவார்கள் என்று மாமியார் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, எங்கள் ஊரிலும் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆனால் ஆயா என்ற சொல்லும், ரசமும், ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றுகிற கூழும், தைப்பூசக் காவடியும் எல்லாம் இருக்கிற அந்த வீட்டில் பேச்சு மட்டும் முழுக்க ஆங்கிலம். ஆகவே வீட்டுக்குள் தமிழ் பேச எனக்கு வாய்த்த ஒரே ஆள் வயிற்றில் இருந்த பிள்ளைதான்.

பிறந்த நாளிலிருந்து அவனிடம் ஓயாமல் தமிழில் பேசினேன். வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பி. ஒன்றரை வயதில் அம்மா, பா, காக்கா என்று மூன்று சொல் வந்தது, பா என்றால் பால். அப்புறம் அந்த மூன்றும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கூப்பிட்டால் திரும்பமாட்டான். எதையும் விரல் நீட்டிக் காட்டமாட்டான், வேண்டியது அலமாரியில் இருந்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைப்பான். மின்விசிறி சுற்றுவதை மணிக்கணக்காகப் பார்ப்பான். எட்டு மாதம் காத்திருந்து, 2018 மார்ச்சில், மூன்றரை வயதில், ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அன்றைக்கே அந்த அறையில் கேட்டார்கள், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று. சொன்னேன். ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) செய்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பக் கனிவாகத்தான் சொன்னார், அதை மறைக்கக் கூடாது: பாவம், ஒரு மொழியே இவனுக்குப் பாரம், இரண்டை ஏன் சுமத்துகிறீர்கள், இனிமேல் ஆங்கிலம் மட்டும். எனக்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்தது. இவ்வளவு நாள் தமிழில் பேசிப் பேசி நான்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். சொந்தக்காரர் ஒருவர் நேராகவே அப்படிச் சொன்னார், ஊரிலிருந்து வந்தவள் ஊர்ப்பேச்சு பேசித்தான் பிள்ளை ஊமையாகிவிட்டான் என்று. ஆட்டிசத்தின் வரலாற்றைப் பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, இந்தப் பழி புதிதில்லை. தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் படித்தவர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள், புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது உடல் சார்ந்தது, வளர்ப்பால் வருவதில்லை என்று விளக்கி எழுதியிருந்தார். அப்படியும் அந்தப் பழி பல வருடம் தாய்மார்களை விடவில்லை.

சரி, ஆங்கிலம் மட்டும் என்றார்களே, எந்த ஆங்கிலம்? நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். கடையில் சாமான் வாங்க, பேருந்தில் இடம் கேட்க இங்கே வந்துதான் ஆங்கிலம் கற்றுக்கொண்டேன். அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைக் கொஞ்ச முடியவில்லை, ஏவத்தான் முடிந்தது. சிட். ஈட். கம். நோ. குட் பாய். யோசித்துப் பாருங்கள், காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும்வரை ஒரு பிள்ளை தன் தாயிடம் கேட்டது இருபது முப்பது கட்டளைகள். எண்ணெய் தேய்க்கும்போது முதுகைத் தட்டிக்கொண்டே பேசுவது, சோறு ஊட்டும்போது காக்காவைக் கூப்பிடுவது, துணி மடிக்கும்போது இது யார் சட்டை, இது அப்பா சட்டை, அப்பா எங்கே, வேலைக்குப் போயிருக்கார் என்று என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவது எல்லாம் நின்றுபோயிற்று. ஆரணியில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னேன், அம்மா, இனிமேல் அவனிடம் தமிழில் பேசாதே, டாக்டர் வேண்டாம் என்கிறார்கள் என்று. அம்மாவுக்கு வேறு மொழி தெரியாது. அதற்கப்புறம் வீடியோ காலில் தன் முகத்தை மட்டும் அவனுக்குக் காட்டிவிட்டு, பேசாமல் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். என் அம்மாவுக்கு நான் செய்த அந்தக் காரியத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிள்ளை பேசினானா என்றால், இல்லை. ஆங்கிலத்திலும் பேசவில்லை.

2019 டிசம்பர். மின்சாரப் பற்றாக்குறையால் அப்போது இங்கே லோட் ஷெட்டிங் என்று முறை வைத்துக் கரண்டை நிறுத்துவார்கள், அந்த மாதம் 9ஆம் தேதி அது முதல்முறையாக ஆறாம் கட்டம் வரைக்கும் போயிற்று, ஒரு நாளில் பல தடவை கரண்ட் போகும். தம்பிக்கு மின்விசிறி நின்றால் உலகமே நின்ற மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவான். இருட்டில் அவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் சொல்வேன், கரண்ட் போச்சு, கரண்ட் போச்சு, வந்துரும் கண்ணு, வந்துரும். பயத்தில், இருட்டில், வாயில் வந்தது அதுதான், ஆங்கிலம் எங்கே போயிற்றோ தெரியாது. பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போயிருக்கும். ஒருநாள் காலை டம்ளரில் இருந்த பாலைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல், தெளிவாகச் சொன்னான்: கரண்ட் போச்சு.

அப்போது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது பாலை.

அன்று முழுக்க அவன் பின்னாலேயே சுற்றினேன். அப்பா காரை எடுத்துக்கொண்டு போனதும் கரண்ட் போச்சு. பாட்டி போனை வைத்ததும் கரண்ட் போச்சு. குளித்துவிட்டு வாளித் தண்ணீர் தீர்ந்ததும் அதே. முடிந்தது, தீர்ந்தது, போய்விட்டது, இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்பது எல்லாவற்றுக்கும் அவனிடம் இருந்த ஒரே சொல் அது. சில நாள் கழித்து அப்பா வேலையிலிருந்து திரும்பி வந்ததும் வாசலுக்கு ஓடிப்போய், வந்துரும், வந்துரும் என்று குதித்தான்.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்பார்கள். முன்பெல்லாம் அது பொருளில்லாத கிளிப்பிள்ளைப் பேச்சு, நிறுத்த வேண்டிய பழக்கம் என்றே நினைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் பேரி பிரிசான்ட் என்ற ஆய்வாளர் பிள்ளைகள் திருப்பிச் சொல்வதை உட்கார்ந்து கவனித்து, அதில் கேட்பதும், ஆமாம் என்பதும், தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்வதும் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளை எதைத் திருப்பிச் சொல்லும்? மனம் ததும்பிய நேரத்தில் காதில் விழுந்ததைச் சொல்லும். என் சிட், ஈட், நோ எதையும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. என் பயத்தையும் ஆறுதலையும் சுமந்து வந்த சொல்லை எடுத்துக்கொண்டான், அது தமிழில் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து ஆங்கிலத்தில் வளர்ந்திருந்தால் அது ஆங்கிலத்தில் இருந்திருக்கும், அவ்வளவுதான், தமிழுக்கு ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை.

அன்று இரவே தமிழுக்குத் திரும்பிவிட்டேன், யாரிடமும் கேட்கவில்லை. 2020 மார்ச் 27இலிருந்து இங்கே ஊரடங்கு. ஐந்து வாரம் நடப்பதற்குக்கூட வெளியே போகக் கூடாது, தெரபி எல்லாம் மூடியாகிவிட்டது. அந்த ஐந்து வாரமும் ஆரணியில் இருக்கும் என் அம்மாதான் அவனுக்கு வாத்தியார். சாயங்காலம் போனை அடுப்படி அலமாரியில் சாய்த்து வைத்துக்கொண்டு, தோசை சுட்டபடியே அவனிடம் பேசுவார்கள், மாவு ஊத்தறேன், சுத்தறேன், எண்ணெய் விடறேன், திருப்பிப் போடட்டுமா தம்பி? பதில் எதிர்பார்க்காமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது வாரம், போடட்டுமா என்று அவர்கள் நிறுத்திய இடத்தில், போடு என்றான். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

இன்னொன்று நானே கண்டுபிடித்தது, இதைப் படிக்கும் தமிழ்த் தாய்மார்களுக்கு உதவலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் நான், நீ என்பதை மாற்றிச் சொல்வார்கள். 1943இல் லியோ கானர் பதினோரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இது இருக்கிறது. தெரபியில் தம்பிக்கு ஐ வான்ட் வாட்டர் என்று சொல்லிக்கொடுக்கப் படாத பாடு பட்டார்கள், அவனைப் பார்த்து நாம் எப்போதும் யூ என்றுதானே சொல்கிறோம், அதனால் அவன் தன்னை யூ என்றே நினைத்தான். தமிழில் தண்ணி வேணும் என்றால் போதும். வேணும் என்பது எனக்கும் உனக்கும் அவனுக்கும் மாறுவதே இல்லை, யாருக்கு என்று சொல்லாமலே வாக்கியம் நிற்கும். தண்ணி வேணுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, செம்பைக் கையில் கொடுக்கும்போது அவன் சொல்ல வேண்டியதை நானே அவனுக்காகச் சொன்னேன், தண்ணி வேணும், தோசை வேணும், அம்மா வேணும். நான்கு மாதத்தில் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு வேணாம், போதும், பிடிக்கல எல்லாம் அதே வழியில் வந்தன. இந்த நான்கு சொல் வந்தபிறகு தலையைச் சுவரில் மோதுவது பாதிக்குப் பாதி குறைந்தது, ஏனென்றால் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு இப்போது வாய் இருக்கிறது. மற்ற வினைச்சொற்களில் குழப்பம் இன்றும் உண்டு, சாப்பிட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்து, சாப்பிட்டியா என்பான். சாப்பிட்டேன் என்று நான் சொல்லிக்காட்டுவேன். அது வரும்போது வரட்டும்.

அப்புறம் வேறொரு தெரபிஸ்ட் கிடைத்தார், சின்னப் பெண், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவர் செய்த முதல் வேலை, அவன் வீட்டில் என்னென்ன சொல்கிறான், அதற்கு என்ன பொருள் என்று என்னை எழுதிக்கொண்டு வரச் சொன்னது. எழுபத்தொரு சொல் எழுதிக்கொண்டு போனேன். முந்தைய அறிக்கையில் அவனுக்கு ஐந்து சொல் என்று இருந்தது, ஏனென்றால் அங்கே கேட்டதும் சோதித்ததும் ஆங்கிலத்தில் மட்டும். இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைக்கு இரண்டிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். தெரபி அறையில் அவர் ஆங்கிலத்தில் நடத்துவார், அதையே நான் வீட்டில் தமிழில் செய்வேன். படம் காட்டிக் கேட்கும் அட்டைகளில் மேலே ஆங்கிலம், கீழே தமிழ்.

இது என் வீட்டு அனுபவம் மட்டும் இல்லை. கனடாவில் மாண்ட்ரியாலில் ஹாம்ப்ளி, ஃபாம்போன் என்ற இருவர் ஆட்டிசம் உள்ள 75 பிள்ளைகளை, ஒரு மொழி வீட்டுப் பிள்ளைகளையும் இரண்டு மொழி வீட்டுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்ந்ததால் மொழி கூடுதலாகப் பின்தங்கவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. அதற்கப்புறம் வேறு நாடுகளில், வேறு மொழிகளில் நடந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன. எனக்குச் சொல்லப்பட்ட அறிவுரை 2018இல் வந்தது, உங்கள் இதழில் இப்போது வருகிறது. இத்தனை வருடம் கழித்தும் இது ஏன் மாறவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

கிளினிக் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த நாட்டு ஜூலு இனத்துப் பாட்டி ஒருவரின் நினைவு வருகிறது. பேரனை வளர்ப்பது அவர்தான், அவருக்கும் ஆங்கிலம் மட்டும் என்றே சொல்லியிருந்தார்கள். இந்த நாட்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அவர் என்னைவிடத் தெளிவானவர். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்ததும் பேரனிடம் ஜூலுவிலேயே பேசிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அன்று அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

என் மாமியாருக்கு இதில் வேறொரு வலி இருந்தது, அதைப் பின்னால்தான் சொன்னார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது அவருடைய அம்மா வீட்டில் தமிழ்தான் பேசுவாராம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பின்தங்குகிறது, வீட்டிலும் அதையே பேசுங்கள் என்று சொல்ல, அந்த அம்மாவும் கேட்டார். சாட்ஸ்வொர்த்தில் நிறைய வீட்டுக்கதை இதுதான். 1996இல் எழுதிய இந்த நாட்டு அரசியல் சட்டத்தில் மதிப்போடு பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயர் இருக்கிறது, ஆனால் அதற்குள் வீடுகளில் நின்றுவிட்டது. இப்போது தம்பி, போதும், வேணாம் என்று சொன்னால் முதலில் புரிந்துகொள்வது ஆயாதான். எழுபது வயதுக்கு மேல் அவருக்கு மறந்த சொற்கள் பேரன் வாயிலிருந்து திரும்பி வருகின்றன. என் கணவரும் கற்றுக்கொண்டு வருகிறார், அவருக்கு ழகரம் வரவில்லை, தம்பிக்கு வருகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, தமிழ் பேசினால் ஆட்டிசம் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தம்பிக்கு இப்போது பதினோரு வயது. சிறப்புப் பள்ளிக்குத்தான் போகிறான். இரண்டு மொழியிலும் சின்னச் சின்ன வாக்கியம்தான் பேசுகிறான், கோவிலில் உறுமி மேளம் தொடங்கினால் காதில் ஹெட்ஃபோன் வேண்டும், தீபாவளி வெடிச் சத்தத்துக்கு நாங்கள் மூன்று பேரும் ஊருக்கு வெளியே கடற்கரைப் பக்கம் போய்விடுவோம். வாழ்நாள் முழுக்க யாராவது கூட இருக்க வேண்டியிருக்கலாம். பேச்சே வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களும் கேட்கிறார்கள், புரிந்துகொள்கிறார்கள், அவர்களிடமும் தாய் தன் மொழியில் பேசிக்கொண்டே இருக்கட்டும். அதே மாதிரி, வீட்டில் இயல்பாகவே ஆங்கிலம் பேசி வளர்ந்த அப்பா அம்மா, இதைப் படித்துவிட்டு, தெரியாத தமிழைப் பிள்ளைமேல் திணிக்க வேண்டாம். எனக்கு ஆங்கிலம் எப்படியோ அப்படித்தான் அவர்களுக்குத் தமிழ் ஆகிவிடும்.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மொழி வீடு, அதனால்தான் லேட், ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்று காத்திருப்பது. வேண்டாம். ஒரு வயதில் கை காட்டுவது, டாட்டா சொல்வது எதுவும் இல்லை என்றாலோ, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்றாலோ, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றாலோ, இருந்த பேச்சு எந்த வயதிலும் நின்றுபோனாலோ உடனே காட்டுங்கள். இரண்டு மொழியால் இவை வராது. நாங்கள் தம்பியின் மூன்று சொல் நின்றபோதே போயிருக்க வேண்டும், ஒரு வருடம் வீணாக்கினோம்.

ஆசிரியரிடம் கேட்பது இரண்டு. அந்தப் பதிலைத் திருத்தி, அது வந்த அதே பகுதியில் போடுங்கள், அந்தத் தாய் அங்கேதான் பார்ப்பார். இரண்டாவது, நானும் என் கணவரும் தமிழில் செய்த பட அட்டைகள் அறுபது இருக்கின்றன, தண்ணி, தோசை, போதும், வலிக்குது, வெளியே போகலாம், கரண்ட் போச்சு எல்லாம் இருக்கிறது. அவருடைய முகவரி உங்களிடம் இருக்கும். அனுமதி கேட்டுச் சொல்லுங்கள், ஒரு பிரதி எடுத்து அனுப்பி வைக்கிறேன். வேறு யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா